பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள கயல்விழிக்கு,

மன்னார்குடியிலிருந்து மாமா எழுதுவது. அப்பா வீட்டை விற்கத் தம்பிக்கு பவர் எழுதிக் கொடுக்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். நல்லதுதான். ஆனால் தரகர் வாட்ஸாப்பில் அனுப்பிய வாசகத்தை அப்படியே அச்செடுத்துக்கொண்டு டொராண்டோ நோட்டரியிடம் போகப் போகிறாயாம். கொஞ்சம் பொறு.

நோட்டரி உன் பாஸ்போர்ட்டைப் பார்ப்பார். தன் கண்ணெதிரே நீ கையெழுத்துப் போட்டதாக முத்திரை வைப்பார். அந்த நோட்டரியின் கையெழுத்தும் பதவியும் உண்மை என்று ஒன்டாரியோ மாகாண அரசு அபோஸ்டில் சான்று இணைத்துக் கொடுக்கும். இத்தனை முத்திரை விழுந்தாலும் உள்ளே எழுதியிருப்பதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். அது அவர்கள் வேலையும் இல்லை, உன் வேலை.

தரகரின் வாசகத்தை வாங்கிப் படித்தேன். உன் சொத்து அத்தனையையும் விற்கலாம், அடமானம் வைக்கலாம், வேறு ஆளுக்கு மறு அதிகாரமும் கொடுக்கலாம் என்று இருக்கிறது. அந்த வீட்டில் உனக்கு இருப்பதோ மூன்றில் ஒரு பங்கு. அதற்கு இவ்வளவு எதற்கம்மா? தனி அதிகாரம் போதும். சர்வே எண், கதவு எண், பரப்பு, நான்கெல்லை, உன் பங்கு எல்லாம் இருக்கட்டும். இன்ன தொகைக்குக் குறையாமல் கிரயம் செய்யலாம், என் பங்குப் பணம் என் என்ஆர்ஓ கணக்குக்கே வர வேண்டும், அடமானமும் தானமும் மறு அதிகாரமும் கூடாது என்று பளிச்சென்று எழுது. தம்பி வருத்தப்படுவானோ என்று தயங்காதே. நாளைக்கு விலையில் ஒரு பேச்சு வந்தால் அவனையும் காப்பாற்றப் போவது அந்த வரிகள்தான்.

முழுப் பணத்தையும் கொடுத்துவிடுகிறேன், பவர் மட்டும் போதும், கிரயம் அப்புறம் பார்க்கலாம் என்று எவனாவது வந்தால் அனுப்பிவிடு. பவரால் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

அடுத்தது, நம்மவர்களுக்கே உரிய தலைவலி: பெயர். வாரிசுச் சான்றில் நீ சு. கயல்விழி. பாஸ்போர்ட்டில் கயல்விழி ராஜேந்திரன். சார்பதிவாளர் கண்ணுக்கு இது இரண்டு பெண்கள். ‘கயல்விழி ராஜேந்திரன் என்கிற சு. கயல்விழி, தகப்பனார் பெயர் சுந்தரம்’ என்று முதல் பக்கத்திலேயே இரண்டையும் சேர்த்து எழுதிவிடு.

கனடாவில் அபோஸ்டில் கிடையாது, தூதரகம்தான் என்று அங்கே யாராவது சொன்னால், அது 2024 ஜனவரி 11-க்கு முந்தைய கதை. இந்தியா 2005-லிருந்தே அபோஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கிறது. இப்போது இரண்டு வழியும் செல்லும். ஆனாலும் இங்கே சில சார்பதிவாளர் அலுவலகங்களில் நம் துணைத் தூதரக முத்திரையைப் பார்த்தால்தான் அவர்களுக்கு மனசு ஆறுகிறது. எது வேண்டும் என்று இங்கே கேட்டுச் சொல்கிறேன். அதுவரை எங்கேயும் நேரம் குறிக்காதே. வீட்டிலேயே கையெழுத்தைப் போட்டுக்கொண்டு போகாதே, முத்திரை வைப்பவர் எதிரில்தான் போட வேண்டும். சான்றை இணைத்துத் தந்த பின் ஸ்கேன் எடுப்பதற்காகப் பின்னைப் பிரித்துவிடாதே. பிரித்த தடயம் தெரிந்தாலே சந்தேகம்தான்.

அசலைக் கூரியரில் அனுப்பு. அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும். அதற்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு நானே தம்பியைக் கூட்டிப் போகிறேன். வந்த தேதிக்கு ஆதாரம் கேட்டால் காட்ட, கூரியர் உறையையும் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். கிரயத்தன்று நீ உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்பார்கள், கோபப்படாதே. கொடுத்தவர் போனால் பவரும் போச்சு, அதனால்தான் கேட்கிறார்கள்.

திருத்திய வாசகத்தை முதலில் எனக்கு அனுப்பு. முப்பது வருஷம் பத்திரம் எழுதிய கை, ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
மாமா