கிறிஸ்தவப் பள்ளியில் நடுநிலைப் பாடங்கள்

கேள்வி: மகளை ஆறாம் வகுப்பிற்கு அரசு உதவி பெறும் கிறிஸ்தவப் பள்ளியில் சேர்க்கலாமா? பாடங்கள் வேறாக இருக்குமோ?
– வாசகர், கட்டுமாவடி

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். 2010-ஆம் ஆண்டின் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்தபின், அத்தகைய பள்ளிகளிலும் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்தும் அரசுப் பள்ளியின் பாடத்திட்டப்படியே போதிக்கப்படுகின்றன. மதபோதனைக்குத் தனி வகுப்பு இருப்பினும், அங்கீகாரமோ உதவியோ பெற்ற எப்பள்ளியும் பெற்றோரின் சம்மதமின்றிச் சிறாரை அதில் பங்குகொள்ளுமாறு நிர்ப்பந்திக்கலாகாது என்று அரசியல் சாசனத்தின் 28-ஆவது விதி கூறுவதால், தங்கள் விருப்பத்தைச் சேர்க்கையின்போதே எழுத்துமூலம் தெரிவித்துவிடுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, ஷ்வார்ட்ஸ் பாதிரியார் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் தோற்றுவித்த ஆங்கிலப் பாடசாலைகளில் ஹிந்துப் பிள்ளைகள் பயின்றிருக்கிறார்கள் அல்லவா? மதத்தைவிட முக்கியமாக, அறிவியல் ஆசிரியரும் நூலகமும் அங்கு உண்டா என்று நேரில் விசாரியுங்கள்.