உடையும் செலவும்

2001ஆம் ஆண்டில் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின், நம் ராபர்ட்சன்பேட்டையார் பலர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அவர்க்கு நல்லுடை வேண்டியதே. அதனை ஆடம்பரமென்பார் கூற்றை ஒப்போம். கடன்பட்டு வாங்குவதே தீது. சட்டை வெளுக்குமுன் வட்டி வளர்ந்துவிடும்.

கோசாம்பி மன்னன் உதயணனின் தேவிமார் ஆனந்தருக்கு 500 ஆடைகள் ஈந்த செய்தி வினய பிடகத்தில் உளது. துணி வாணிகமோ செய்யப்போகிறார் என்று மன்னன் ஐயுற்று வினவினான். கந்தலுடுத்த பிக்குகளுக்குப் பகிர்வதாக ஆனந்தர் விடையிறுத்தார். பழஞ்சீவரம் மேல்விரிப்பாகும், பழவிரிப்பு மெத்தையுறையாகும், பின் தரைவிரிப்பு, கால்மிதி, தூசித்துணி, அதுவும் நைந்தால் மண்ணோடு குழைத்துத் தரை மெழுகப்படும். மகிழ்ந்த மன்னன் மேலும் 500 ஈந்தான்.

வருவாயில் ஒரு பங்கைத் துய்க்கவும், இரு பங்கைத் தொழிலுக்கும், ஒன்றை இடர்க்காலத்திற்கும் வைக்கச் சிகாலனுக்குப் பகவர் உரைத்தார். கூலியாளுக்குத் தொழிற்பங்காவது இரயில் கட்டணமும் மக்கள் படிப்புமே என்பது எம் கருத்து. புதுச்சட்டை முதற்பங்கினின்றே வரல்வேண்டும்.