கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்: இசையரங்குகள் வழியாக ஒலியியல்

பத்தாம் வகுப்பில் ஒலியியல் பாடத்தைத் தொடங்கும்போது, "எதிரொலி என்றால் என்ன?" என்று கேட்டால் மாணவர்கள் மலையையும் கிணற்றையும் சொல்வார்கள். பாடநூலில் உள்ள விடை அது. அவர்களுக்கு விருப்பமான ஒன்றிலிருந்து இந்தப் பாடத்தைத் தொடங்கினால் என்ன என்று எண்ணினேன். எங்கள் வகுப்பில் பி.டி.எஸ். என்னும் கொரிய இசைக்குழுவின் ரசிகைகள் பலர். குழுவினர் எழுவரின் பெயர்களும் பிறந்த நாள்களும் அவர்களுக்கு மனப்பாடம். ஆகவே அந்தக் குழுவையே பாடத்துக்குள் அழைத்து வந்தேன்.

பி.டி.எஸ். குழு 2018 அக்டோபர் 9, 10 ஆகிய நாள்களில் இலண்டனில் உள்ள ஓ2 அரங்கில் பாடியது. அது கூரையுடன் கூடிய உள்ளரங்கம்; ஏறத்தாழ 20,000 பேர் அமரலாம். எட்டே மாதங்களில், 2019 ஜூன் 1, 2 ஆகிய நாள்களில், அதே நகரில் உள்ள வெம்பிளி கால்பந்துத் திடலில் பாடியது. அங்கு ஒவ்வோர் இரவும் வந்தவர்கள் சுமார் 60,000 பேர். ஒரே குழு, ஒரே நகரம், ஆனால் இடம் மட்டும் வேறு. "உங்களுக்கு ஒரு நுழைவுச்சீட்டு கிடைத்தால் எந்த இடத்துக்குப் போவீர்கள்? ஏன்?" இதுவே பாடத்தின் தொடக்க வினா. விடையைக் கரும்பலகையில் எழுதவில்லை. மூன்று பாடவேளைகள் முடிந்த பிறகு மீண்டும் வாக்கெடுப்பு நடத்தலாம் என்று சொல்லி வைத்தேன்.

கற்றல் விளைவுகள்

• ஒலியின் திசைவேகத்தைப் பயன்படுத்தித் தொலைவையும் நேரத்தையும் கணக்கிடுதல்.
• எதிரொலி, எதிர்முழக்கம் ஆகியவற்றின் வேறுபாட்டை உண்மையான இடங்களோடு பொருத்திக் காணுதல்.
• தொலைவு கூடும்போது ஒலிச்செறிவு குறைவதை அளந்து அறிதல்.
• தம் பள்ளியில் ஒலி சரியாகச் சென்று சேராத இடத்தைக் கண்டறிந்து தீர்வு கூறுதல்.

முதல் பாடவேளை: 1965இல் நடந்தது

1965 ஆகஸ்ட் 15 அன்று பீட்டில்ஸ் குழு நியூயார்க்கின் ஷே திடலில் பாடியது. அது பேஸ்பால் விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட இடம். வந்தவர்கள் 55,600 பேர். மேடை ஆடுகளத்தில் அமைக்கப்பட்டது. ரசிகர்கள் சுற்றியுள்ள இருக்கைத் தொகுதிகளிலேயே இருந்தனர். அதனால் முதல் வரிசையில் இருந்தவருக்கும் மேடை வெகு தொலைவில்தான் இருந்தது.

அந்த இசைப் பயணத்துக்கென்று 100 வாட் ஒலிமிகைப்பிகளை வாக்ஸ் நிறுவனம் செய்து கொடுத்திருந்தது. பாடியவர்களின் குரலோ, ஆட்டத்தின்போது அறிவிப்புச் செய்யும் திடலின் ஒலிபெருக்கிகள் வழியாகவே சென்றது. ரசிகர்களின் கூச்சலை அந்தக் கருவிகளால் வெல்ல முடியவில்லை. மேடையில் நின்றவர்களுக்கே தங்கள் பாட்டு சரியாகக் கேட்கவில்லை. ஓராண்டு கழித்து, 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் திடலில் நடந்த நிகழ்ச்சியோடு அவர்கள் இசைப் பயணங்களை நிறுத்திக்கொண்டனர். பாட்டு கேட்காத நிலை அதற்கான காரணங்களில் ஒன்று.

இங்கே ஒரு கணக்கு கொடுத்தேன். திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலிச்செறிவு நான்கில் ஒரு பங்காகும். அதாவது 6 டெசிபல் குறையும். மேடையிலிருந்து 10 மீட்டரில் 100 டெசிபல் கேட்கிறது எனக் கொள்வோம்.

10 மீ – 100 டெசிபல்
20 மீ – 94 டெசிபல்
40 மீ – 88 டெசிபல்
80 மீ – 82 டெசிபல்
160 மீ – 76 டெசிபல்

உள்ளரங்கின் கடைசி வரிசை 80 மீட்டரிலும், திடலின் கடைசி வரிசை 160 மீட்டரிலும் இருப்பதாக வைத்துக்கொண்டோம். "கடைசி வரிசைக்கும் 100 டெசிபல் வேண்டுமென்று மேடையிலேயே ஒலியைக் கூட்டினால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். ஒரு மாணவி கணக்கிட்டுச் சொன்னாள்: "முதல் வரிசைக்காரருக்கு 124 டெசிபல் ஆகும், சார். காது போய்விடும்." ஒரே இடத்திலிருந்து கத்தி எல்லாருக்கும் கேட்கவைக்க முடியாது என்பதை நான் சொல்லத் தேவையிருக்கவில்லை.

காது நலம் பற்றிப் பேசவும் இதுவே இடம். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம், அதன்பின் 3 டெசிபல் கூடும்தோறும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்காவின் பணியிட நலவாழ்வு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு. 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு 1 மணி, 97க்கு 30 நிமிடம், 100க்கு 15 நிமிடம். கணித ஆசிரியர் இதையே கூட்டுத் தொடர்வரிசைக்கும் பெருக்குத் தொடர்வரிசைக்கும் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்திக்கொண்டார். டெசிபல் கூட்டுத் தொடராக ஏறுகிறது. நேரம் பெருக்குத் தொடராக இறங்குகிறது. காதுக்குள் செருகிய கருவியில் முழு ஒலியில் பாட்டுக் கேட்பவர்கள் அன்று சற்று அமைதியாகவே இருந்தார்கள்.

இரண்டாம் பாடவேளை: மைதானத்தில் ஒரு தட்டும் ஒரு குச்சியும்

ஒலியின் திசைவேகத்தை 344 மீ/வி என்று கொண்டு கணக்குப் போடுவது எளிது. அதைக் கண்ணால் காணவும் முடியும். தேவையானவை: ஒரு எவர்சில்வர் தட்டு, சிவப்புத் துணி கட்டிய குச்சி, அளவு நாடா, கைப்பேசியில் உள்ள தாளக்கருவிச் செயலி.

ஒரு மாணவர் நொடிக்கு இரண்டு தட்டு என்ற சீரான வேகத்தில் தட்ட வேண்டும். துணி கட்டிய குச்சி தலைக்கு மேல் நன்றாக உயர்ந்து இறங்கட்டும். மற்றவர்கள் அவரைப் பார்த்தபடியே மெல்லப் பின்னால் நடக்க வேண்டும். அருகில் இருக்கும்போது குச்சி தட்டைத் தொடுவதும் ஒலி கேட்பதும் ஒன்றாக இருக்கும். தொலைவு கூடக் கூட ஒலி பின்தங்கும். ஏறத்தாழ 86 மீட்டரில், குச்சி உச்சியில் இருக்கும்போது ஒலி கேட்கும். இரு தட்டுகளுக்கு இடையே உள்ள நேரம் அரை நொடி; அதில் பாதி கால் நொடி; கால் நொடியில் ஒலி செல்லும் தொலைவு 344 ÷ 4 = 86 மீட்டர். மைதானம் அவ்வளவு நீளம் இல்லாத பள்ளிகளில் நொடிக்கு மூன்று தட்டு வைத்துக்கொண்டால் 57 மீட்டர் போதும்.

இந்தச் செயல்பாட்டுக்குப் பிறகு வெம்பிளித் திடலுக்குத் திரும்பினோம். 160 மீட்டர் தொலைவில் இருப்பவருக்குப் பாடகரின் குரல் வந்து சேர ஏறத்தாழ 0.47 நொடி ஆகும். பெரிய திரையில் உதடு அசைவதோ உடனே தெரிந்துவிடும். திடல் முழுவதும் கைதட்டும்போது தாளம் கலைந்துபோவதற்கும் இதுவே காரணம். பி.டி.எஸ். ரசிகர்கள் கையில் வைத்திருக்கும் விளக்குகள் மட்டும் கலைவதில்லை. இருக்கை எண்ணோடு இணைக்கப்பட்ட அந்த விளக்குகளை ஓரிடத்திலிருந்தே இயக்குகிறார்கள். அந்தச் சைகை மின்காந்த அலையாகச் செல்வதால் திடலின் மறுகோடியிலும் நிறம் அதே கணத்தில் மாறுகிறது. ஒலி அலைக்கும் மின்காந்த அலைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இன்றைய பெருந்திடல் நிகழ்ச்சிகளில் ஷே திடலின் சிக்கலை எப்படிச் சமாளிக்கிறார்கள்? மேடையின் இருபுறமும் ஒலிபெருக்கிப் பெட்டிகளைச் செங்குத்தாக வரிசையாகத் தொங்கவிடுகிறார்கள். மேலே உள்ளவை தொலைவில் இருப்பவர்களை நோக்கியும், கீழே உள்ளவை அருகில் இருப்பவர்களை நோக்கியும் சாய்ந்திருக்கும். திடலின் நடுவில் கோபுரங்கள் அமைத்து அவற்றிலும் ஒலிபெருக்கிகளை வைக்கிறார்கள். கம்பி வழியே செல்லும் மின்சைகை உடனே கோபுரத்தை அடைந்துவிடும். காற்று வழியே வரும் ஒலியோ தாமதமாக வரும். இரண்டும் தனித்தனியாகக் கேட்டால் சொல் குழம்பும். ஆகவே கோபுரத்தின் ஒலியை வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறார்கள். கோபுரம் மேடையிலிருந்து 70 மீட்டரில் இருந்தால் தாமதம் சுமார் 0.2 நொடி. வெப்பநிலை மாறினால் ஒலியின் வேகமும் மாறும் என்பதால், மாலை குளிர்ந்த பின் இந்தத் தாமதத்தைத் திருத்த வேண்டியிருக்கும். பாடநூலில் உள்ள "வெப்பநிலை 1 டிகிரி உயர்ந்தால் திசைவேகம் 0.6 மீ/வி கூடும்" என்ற வரிக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

மூன்றாம் பாடவேளை: கூரை இருந்தால் போதுமா?

உள்ளரங்கில் தொலைவு குறைவு. ஆனால் சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்பும். ஒலி அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து அதன்மேல் விழும். இதுவே எதிர்முழக்கம். உள்ளரங்கில் சத்தம் போதும், தெளிவுதான் போதாது.

இதை முதலில் முறையாக ஆராய்ந்தவர் ஓர் ஆசிரியர் என்பது நமக்குப் பெருமை. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த இளம் ஆசிரியர் வாலஸ் சபைனிடம் ஒரு பொறுப்பு வந்தது. புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அறையில் ஆசிரியர் பேசுவது மாணவர்களுக்குப் புரியவில்லை. பேசிய சொல் ஏறத்தாழ 5.5 நொடி வரை அடங்காமல் ஒலித்துக்கொண்டிருந்தது. சபைன் அருகில் இருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் கொண்டுவந்து அறையில் அடுக்கினார். ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கச் செய்து, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தைகள் கூடக் கூட அந்த நேரம் குறைந்தது. அறையின் கன அளவையும் ஒலியை உட்கவரும் பரப்பையும் இணைக்கும் வாய்பாடு இப்படிப் பிறந்தது. 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கம் அவரது ஆலோசனையுடன் கட்டப்பட்டது.

இதற்கான செயல்பாடு எளிது. பெஞ்சுகளை வெளியேற்றிய காலி வகுப்பறையில் ஒரு முறை கைதட்டுங்கள். பிறகு 40 மாணவர்களை உள்ளே அமரவைத்து அதே இடத்தில் தட்டுங்கள். வேறுபாடு உடனே தெரியும். மனித உடலும் உடையும் ஒலியை உட்கவர்கின்றன. பழைய போர்வைகளையும் சாக்குகளையும் சுவரில் தொங்கவிட்டும் பார்க்கலாம். நான்காம், ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்கள் கணக்கின்றி இச்செயல்பாட்டை மட்டும் விளையாட்டாகச் செய்யலாம், "எந்த அறை அதிகம் பேசுகிறது?" என்று குழந்தைகளே கண்டுபிடிக்கட்டும்.

மீண்டும் வாக்கெடுப்பு

மூன்றாம் பாடவேளையின் இறுதியில் தொடக்க வினாவை விவாதமாக்கினேன். உள்ளரங்கத்துக்காகப் பேசியவர்கள் முகம் தெரியும், சொல் புரியும் என்றனர். திடலுக்காகப் பேசிய மாணவி, "உள்ளரங்கத்தில் மூன்று இரவு பாடினால்தான் திடலில் ஓர் இரவு வரும் கூட்டம் கேட்க முடியும். மீதி இரண்டு பங்குப் பேர் வெளியேதான் நிற்கணும். அரைகுறையாகக் கேட்பது மேலா, கேட்காமலே இருப்பது மேலா?" என்று கேட்டாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. இரு தரப்பும் காரணத்தோடு பேசினார்கள். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அதன்பின் ஒரு களப்பணி கொடுத்தேன்: "நம் காலை வணக்கக் கூட்டத்தில் எந்த வரிசைக்கு அறிவிப்பு புரியவில்லை?" மேடையருகே ஒரு குழாய் ஒலிபெருக்கியும், அங்கிருந்து 70 மீட்டரில் வாயிற்கதவு அருகே மேடையைப் பார்த்தபடி மற்றொன்றும் எங்கள் பள்ளியில் இருந்தன. மாணவர்கள் வரைபடம் வரைந்து அளந்தார்கள். கடைசி வரிசை வாயில் ஒலிபெருக்கியிலிருந்து 10 மீட்டர். மேடை ஒலிபெருக்கியிலிருந்து 60 மீட்டர். வேறுபாடு 50 மீட்டர், நேரம் 0.145 நொடி. இரு ஒலிகளைக் காது தனித்தனியாக உணர 0.1 நொடி போதும். எனவே அந்த வரிசை ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை கேட்டுக்கொண்டிருந்தது. ஒலியைக் கூட்டியும் பயனில்லாமல் போனதன் காரணம் விளங்கியது.

தீர்வையும் அவர்களே சொன்னார்கள். ஒலிபெருக்கிகளுக்கு இடையிலான தொலைவு வேறுபாடு 34 மீட்டருக்குள் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. தலைமையாசிரியர் அனுமதியுடன் வாயில் ஒலிபெருக்கியை மேடையிலிருந்து 25 மீட்டருக்கு மாற்றி, மேடை ஒலிபெருக்கி நோக்கும் திசையிலேயே திருப்பி வைத்து, இரண்டிலும் ஒலியைக் குறைத்தோம். சத்தம் குறைந்தது, சொல் புரிந்தது. கடைசி வரிசையில் நிற்கும் மாணவர்கள் அறிவிப்பைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதும் குறைந்தது.

மதிப்பீட்டு வினாக்கள்

1. மேடையிலிருந்து 103.2 மீட்டரில் உள்ள கோபுரத்தின் ஒலியை எவ்வளவு நேரம் தாமதப்படுத்த வேண்டும்? (விடை: 0.3 நொடி)
2. நொடிக்கு நான்கு தட்டு தட்டினால், குச்சி உச்சியில் இருக்கும்போது ஒலி கேட்கும் மிகக் குறைந்த தொலைவு என்ன? (விடை: 43 மீ)
3. கூட்டம் இல்லாத அரங்கில் செய்யும் ஒலிச் சோதனை, கூட்டம் நிறைந்தபின் ஏன் மாறுகிறது?
4. உங்கள் வகுப்பறையில் கேட்கும் திறன் குறைந்த மாணவர் ஒருவர் இருந்தால், அவருக்கு ஏற்ற இடம் எது? ஆசிரியர் எங்கே நின்று பேச வேண்டும்? காரணம் தருக.

நான்காம் வினாவை விட்டுவிடாமல் நடத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். கடைசி வரிசையில் இருப்பவர் கவனிக்கவில்லை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவருக்குக் கேட்கிறதா என்பதை அளந்து பார்த்த பிறகு அப்படிச் சொல்லலாம். அளப்பதற்கு ஒரு தட்டும், ஒரு குச்சியும், ஒரு நாடாவும் போதும்.