துளையிடும் இயந்திரம் வாங்குமுன்

கைத் துளைப்பானைக் கொண்டு தொடங்கிய பட்டறை வளரும்போது, நிலையான துளையிடும் இயந்திரம் தேவைப்படுகிறது. நேரான துளையும் ஒரே சீரான வேலையும் அதன் பயன்கள். ஆயினும், கடன் பெற்று வாங்கிய இயந்திரம் நம் தொழிலுக்குப் பொருந்தாவிடில் தவணை மட்டுமே மிஞ்சும். ஆகவே, விலையை விசாரிக்குமுன் நம் வேலையை அளந்தறிவோம்.

வேலையும் வகையும்

கடந்த மூன்று மாத வேலைகளை எழுதிப் பார்ப்போம்: எந்த உலோகம், எத்தனை மி.மீ. துளை, எத்தனை எண்ணிக்கை? அடிக்கடி வரும் வேலைக்கே இயந்திரம் வாங்க வேண்டும். எப்போதாவது வரும் பெரிய துளையை வெளியே கொடுத்துச் செய்துகொள்ளலாம்.

சிறு துளைகளுக்கு மேசைமேல் பொருத்தும் பெஞ்ச் வகை போதும். பெரிய துளைகளுக்குத் தரையில் நிற்கும் பில்லர் வகை ஏற்றது. நகர்த்த இயலாத கனமான பொருள்களுக்கு, கை சுழன்று துளையிடத்திற்கே வரும் ரேடியல் வகை உதவும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

முதலாவது, துளைத்திறன். வார்ப்பிரும்பில் துளைக்கும் அளவை எஃகில் எதிர்பார்க்க இயலாது. "மைல்டு ஸ்டீலில் எத்தனை மி.மீ.?" என்றே கேட்க வேண்டும்.

இரண்டாவது, வேகம். எச்.எஸ்.எஸ். பிட்டைக் கொண்டு மைல்டு ஸ்டீலைத் துளைக்க, வெட்டுவேகம் நிமிடத்திற்குச் சுமார் 25 மீட்டர் எனக் கொள்ளலாம். 25-ஐ 1000-ஆல் பெருக்கி, 3.14-ஐயும் பிட்டின் விட்டத்தையும் பெருக்கிய தொகையால் வகுத்தால் நிமிடச் சுழற்சி கிடைக்கும். 6 மி.மீ. பிட்டுக்குச் சுமார் 1,330, 12 மி.மீ.க்கு 660, 25 மி.மீ.க்கு 320. இயந்திரத்தின் மிகக் குறைந்த வேகமே 500 எனில், 25 மி.மீ. பிட்டைப் பொருத்த முடிந்தாலும் அதன் முனை சூடேறி விரைவில் மழுங்கும். ஆகவே உயர்ந்த வேகத்தைவிடக் குறைந்த வேகத்தையே முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, தூணுக்கும் பிட்டின் மையத்திற்கும் உள்ள இடைவெளி. 400 மி.மீ. அகலத் தகட்டின் நடுவில் துளையிட, இது 200 மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

நான்காவது, மோட்டார் மூன்று முனை மின்சாரத்தில் ஓடுவதாயின், நம் பட்டறையில் அந்த இணைப்பு உள்ளதா என்பது.

பணம் கொடுக்குமுன் நம்முடைய இரும்புத் துண்டிலேயே துளையிட்டுக் காட்டச் சொல்வோம். டயல் கேஜ் வைத்துச் சுழல்தண்டின் ஆட்டத்தையும் பார்ப்போம். பழைய இயந்திரமாயின் இச்சோதனை இன்றியமையாதது. வார்ப்பட்டைக்கு மூடி உண்டா, அவசர நிறுத்தப் பொத்தான் கைக்கு எட்டுகிறதா எனவும் காண்போம். துளையிடும்போது கையுறை அணியலாகாது. பொருளை வைஸில் இறுக்க வேண்டும்.

கடனும் கணக்கும்

விலைப்புள்ளியில் சக், வைஸ், மோட்டார், வரி, ஏற்றிறக்கு கூலி யாவும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கட்டும். 2015-இல் தொடங்கப்பட்ட முத்ரா திட்டத்தில், 50,000 ரூபாய் வரை சிசு, அதற்குமேல் 5 லட்சம் வரை கிஷோர் எனக் கடன் வகுக்கப்பட்டுள்ளது.

மாதத் தவணை 3,000 ரூபாய் எனக் கொள்வோம். செலவு போக ஒரு துளைக்கு 2 ரூபாய் மிஞ்சினால் மாதம் 1,500 துளைகள், அதாவது 25 வேலை நாள்களில் நாளொன்றுக்கு 60 துளைகள் தேவை. அத்தனை வேலை நம் கையில் உள்ளதா என்பதற்கு விடை கண்டபின் விண்ணப்பத்தில் கையெழுத்திடுவோம்.