பிள்ளைக்கு வாய் ருசிக்கவில்லையா?

பிள்ளை சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தால் பிடிவாதம் என்று ஏசிவிடுகின்றோம். சில வேளைகளில் குறை பிள்ளையின் குணத்தில் அல்ல, வாயில் ஊறும் நீரில் இருக்கலாம்.

காதடியிலும், கீழ்த்தாடையின் கீழும், நாக்கின் அடியிலும் மூன்று சோடி உமிழ்நீர்ச் சுரப்பிகள் உள்ளன. உணவு உமிழ்நீரில் கரைந்த பின்னரே நாக்கு ருசியை அறியும். காதடிச் சுரப்பியின் நீரில் நாகம் சேர்ந்த ஒரு புரதம் உண்டு. நாக்கின் சுவை மொட்டுகள் வளர அது துணைசெய்வதாக ஆய்வாளர் கருதுகின்றனர். நாகச்சத்துக் குறைந்தால் ருசி மங்கும். ருசி மங்கினால் உண்பது குறையும். உண்பது குறைந்தால் நாகம் இன்னும் குறையும். வளர்ச்சி தடைப்படும், புண் ஆறத் தாமதிக்கும், வயிற்றோட்டம் எளிதில் பற்றும்.

கூரைத் தகரம் துருப்பிடியாமல் பூசப்படுவதும் இந்த நாகம்தான். வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 11 மில்லிகிராம் போதும். ஆயினும் தானியத்திலும் பருப்பிலும் உள்ள பைற்றேற்று என்னும் பொருள் நாகத்தைப் பிடித்துக்கொண்டு, குடல் உறிஞ்ச விடாது. ஈரானில், புளிக்காத ரொட்டியையே பெரிதும் உண்டு வளர்ச்சி குன்றிய இளைஞரைப் பற்றி 1961இல் வைத்தியர் ஆனந்த பிரசாத் எழுதினார். 1963இல் எகிப்தில் இத்தகையோரிடம் நாகக் குறைவு உறுதியானது.

காணியை விட்டு வந்து, அரிசியையும் மாவையும் நம்பி அடுப்பு மூட்டும் குடும்பங்கள் செய்யக்கூடியவை:

1. பயறு, கௌபி, கடலையை இரவு ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி முளைத்த பின் அவியுங்கள். பைற்றேற்று குறையும்.
2. உழுந்து, அரிசி மாவைப் புளிக்க வைத்துத் தோசை சுடுங்கள்.
3. சிறிதளவேனும் நெத்தலிக் கருவாடு, நண்டு, முட்டை சேருங்கள்.
4. எள்ளும் கச்சானும் இடித்துப் பிள்ளைகளுக்கு உருண்டையாகக் கொடுங்கள்.

வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு ஜீவனியுடன் 10 முதல் 14 நாட்கள் நாகக் குளிசையும் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2004இல் பரிந்துரைத்தன. அளவை வைத்தியரே சொல்ல வேண்டும். அளவு மீறினால் உடலின் செப்புச் சத்துக் குறையும். பசியின்மைக்குப் பூச்சி, காய்ச்சல் போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆகவே பிள்ளை மெலிந்தால் குடும்ப நல உத்தியோகத்தரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள்.

கலந்துரையாடுவோம்:
• கடந்த கிழமை எமது வீட்டில் எத்தனை நாள் பயறோ மீனோ சமைத்தோம்?
• குடிசையோரத்தில் ஒரு பாத்தி பயறு போட இடமுண்டா?
• ஐந்து குடும்பங்கள் சேர்ந்து பயறு முளைக்க வைத்துப் பகிரலாமா?