வண்டி ஏன் எகிறுது? ஏர் லீக் கண்டுபிடிப்போம்!



நம்ம ஊரில் பெட்ஷீட் கட்டு ஏற்றிப் போகவும், பெருந்துறைக்கு வேலைக்குப் போகவும் பழைய வண்டிகளை இன்னும் ஓட்டுகிறார்கள். 1980-இல் வந்த டி.வி.எஸ். 50, 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி.100, யமஹா ஆர்.எக்ஸ்.100 எல்லாமே கார்ப்பரேட்டர் வண்டிகள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு புது வண்டிகளில் பெரும்பாலும் இஞ்செக்ஷன்தான். கார்ப்பரேட்டர் வண்டிக்கு வயசானால் வரும் ஒரு நோய் ஏர் லீக். அதைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

ஏர் லீக் என்றால் என்ன?

1 கிராம் பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். இந்தக் கலவையைச் சரியாகக் கலந்து கொடுப்பதுதான் கார்ப்பரேட்டரின் வேலை. அதற்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு குழாய் இருக்கும். சில வண்டியில் அது ரப்பர். சில வண்டியில் உலோகக் குழாயும் ஓரிங்கும் இருக்கும். வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் ரப்பர் காய்ந்து வெடித்துவிடும். அந்த வெடிப்பு வழியா, கணக்கில் இல்லாத காற்று உள்ளே போகும். இதுதான் ஏர் லீக்.

ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கிறோம். ஸ்ட்ராவில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? இளநீர் சரியா வராது, காற்றுதான் வரும். இங்கேயும் அதே கதைதான். பெட்ரோல் பங்கு குறைந்து, காற்றுப் பங்கு கூடிவிடும்.

அறிகுறிகள்

1. ஆக்ஸிலேட்டரை விட்டாலும் இன்ஜின் சத்தம் உடனே இறங்காது, எகிறிக்கொண்டே நிற்கும். ஓட்டை பெரிசாக இருந்தால் ஸ்லோவில் நிற்காமல் அணைந்துபோகும்.
2. காலையில் சோக் போட்டு உதைத்தாலும் சீக்கிரம் ஸ்டார்ட் ஆகாது.
3. சைலன்ஸரில் பட் பட் என்று வெடிக்கும்.
4. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நுனி வெளுத்திருக்கும்.

இது சின்ன விஷயம் இல்லீங்க. முருகன் கோயில் மலைப்பாதையில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கணும். எகிறுகிற வண்டி பிடிக்காது, பாரம் முழுக்க பிரேக் மேல்தான் விழும். டி.வி.எஸ். 50 மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதில் பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் பிஸ்டனுக்கு வழவழப்பு. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும். கடைசியில் பிஸ்டன் ஜாம்! ஒரு சின்ன ரப்பரால் பெரிய செலவு வந்துவிடும்.

கண்டுபிடிப்பது எப்படி?

வண்டி எகிறினால் பலபேர் ஸ்லோ திருகாணியைத் திருகி சத்தத்தைக் குறைத்து விடுகிறார்கள். அது காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுவது மாதிரி. சூடு குறையும், நோய் போகாது.

பெரியவர்கள் கூட இருக்கும்போது, திறந்த வெளியில், நடு ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் செய்யணும். தறி ஓடும் அறைக்குள் வேண்டாம், புகையில் விஷவாயு இருக்கும். துப்பட்டா, பின்னல் எல்லாம் சக்கரத்துப் பக்கம் போகாமல் கட்டிக்கொள்ளுங்க.

முதலில் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் திருப்புங்க. திருப்பும்போது சத்தம் ஏறினால் கோளாறு ஆக்ஸிலேட்டர் கேபிளில்.

கேபிள் சரியாக இருந்தால் இன்ஜினைக் கொஞ்சம் சூடாக்கி, ஸ்லோவில் ஓட விடுங்க. சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி, குழாயின் இரண்டு முனையிலும் கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்க. அடித்த இடத்தில் சத்தம் மாறினால் லீக் அங்கேதான். பஞ்சர் கடையில் தண்ணீரில் குமிழி வருமே, அது வராது. டியூபுக்குள் அழுத்தம் அதிகம், அதனால் காற்று வெளியே வரும். இந்தக் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு, அதனால் தண்ணீரை உள்ளே இழுக்கும். நம் பாடத்தில் படித்த வளிமண்டல அழுத்தம்தான் இது!

பிளக் மேலும், ஏர் ஃபில்டர் வாய்க்குள்ளும் தண்ணீர் படக்கூடாது. சிலபேர் தண்ணீருக்குப் பதிலா பெட்ரோல் அடிப்பார்கள். சூடான சைலன்ஸர் பக்கத்தில் அது தீப்பிடிக்கும். கூடவே கூடாது.

எங்கு அடித்தும் சத்தம் மாறவில்லையா? கார்ப்பரேட்டருக்குள் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டணும்.

சரி செய்வது எப்படி?

இன்ஜின் ஆறிய பிறகு பெட்ரோல் டேப்பை மூடி, குழாயைக் கழற்றணும். ரப்பரை வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும். வெடித்திருந்தால் புதுசு போடணும், பசை வைத்து ஒட்டினால் நிலைக்காது. ஓரிங் தட்டையாகிப் போயிருந்தால் அதையும் மாற்றணும். உட்காரும் முகத்தைத் துணியால் சுத்தமாகத் துடைக்கணும். இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கணும். ஒரே பக்கம் இறுக்கினால் முகம் வளைந்து மறுபடி லீக் ஆகும். கிளாம்ப் திருகையும் பார்த்துக்கொள்ளணும்.

மறுபடி சோப்புத் தண்ணீர் அடித்துப் பாருங்க. சத்தம் மாறவில்லை என்றால் வேலை முடிந்தது. அதற்குப் பிறகுதான் ஸ்லோ திருகாணியில் கை வைக்கணும்.

உங்க வீட்டு வண்டி எகிறினால் அப்பாவிடம் சொல்லுங்க: முதலில் ஓட்டையைத் தேடு, பிறகு திருகாணியைத் திருகு!



ஒன்பதாம் வகுப்பு மாணவி