பூனைக்கு டைலனாலா?

எங்கள் பூனைக்கு நேற்று கருத்தடை ஆபரேஷன். இன்று சோபாவுக்கு அடியில் சுருண்டு கிடக்கிறது, சாப்பிடவில்லை. வலிக்குப் பாதி டைலனால் கொடுக்கலாமா?
– வாசகி, சன்னிவேல்

கூடவே கூடாது, அம்மா! டைலனால் என்பது நம்மூர் பாராசிட்டமால்தான். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது; ஒரே மாத்திரை உயிரைக் குடித்துவிடும். ஆபரேஷன் செய்த டாக்டருக்கு இப்போதே போன் போடுங்கள். ரோபெனாகாக்சிப், பியூப்ரெனார்பின் என்று பூனைக்குக் கொடுக்கும் வலி மருந்துகள் உண்டு; எடை பார்த்துத் தருவார். வலித்தால் கத்தாது, மூலை தேடி ஒளிந்துகொள்ளும் சாதி அது. ஈறு வெளுத்தாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, தையலில் ரத்தம் கசிந்தாலோ விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சான் ஹோசே, கேம்ப்பெல் பக்கம் 24 மணி நேர விலங்கு மருத்துவமனைகள் இருக்கின்றன. பாவமே என்று கழுத்துக் கூம்பை மட்டும் கழற்றிவிடாதீர்கள். தையலை நக்கியே பிரித்துவிடும்.